விவசாயிக்குன்னு செஞ்ச ரெண்டு காரு

போன மாசம் வாரச் சந்தைக்கு நாட்டுக்கோழி முட்டை 60 எடுத்துட்டுப் போனேன். மொபெட்டுக்குப் பின்னாடி கூடையை வச்சு, கயிறு போட்டு இறுக்கித்தான் கட்டினேன். எங்க வீட்டுல இருந்து தார் ரோட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் வண்டித்தடம். மழைக்கு அப்புறம் டிராக்டர் ஏறி ஏறி ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல மேடு. சந்தையில கூடையை இறக்கிப் பார்த்தா 11 முட்டை உடைஞ்சு, மிச்ச முட்டையெல்லாம் மஞ்சக்கரு பூசிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. கழுவி வித்தா, கழுவின முட்டைன்னு ஜனங்க சந்தேகமாப் பார்க்கறாங்க. பாதி விலைக்குத் தள்ளிட்டு வந்தேன்.

வீட்டுல வந்து புலம்பினப்ப, டவுன்ல மெக்கானிக் பட்டறையில வேலை பார்க்கற என் மகன் சொன்னான்: "அப்பா, உழுத காட்டுல ஓட்டினாலும் கூடையில இருக்கற முட்டை உடையக் கூடாதுன்னு சொல்லியே பிரான்ஸ்ல ஒரு கார் செஞ்சிருக்காங்க, உங்களுக்குத் தெரியுமா?" கேலி பண்றான்னுதான் நினைச்சேன். போன்ல படம் காட்டினான். தகரக் கொட்டகைக்கு நாலு சக்கரம் மாட்டி, மேலே தார்ப்பாய் போட்ட மாதிரி ஒரு கார். முன்னாடி தவளைக் கண்ணு மாதிரி ரெண்டு விளக்கு. பேரு சிட்ரோயன் டூ சிவி.

அன்னையில இருந்து எனக்கு அது மேல ஒரு பித்து. கார்ல எனக்கு ஆசை ஒண்ணும் கிடையாது. நம்ம பக்கம் கார்ன்னா கல்யாணத்துக்கு, ஓட்டுக் கேட்க, பிணம் பார்க்க வர்றவங்க ஏறி வர்றது. நிலத்துக்கு டிராக்டர் செய்யறாங்க, மூட்டைக்கு லாரி செய்யறாங்க. விவசாயிங்கற ஆளை மனசுல வச்சு, அவன் எங்க போவான், என்ன தூக்கிட்டுப் போவான், அவன் ரோடு எப்படி இருக்கும்னு யோசிச்சு ஒருத்தர் கார் செஞ்சார்னா, அந்தக் கதையைத் தெரிஞ்சுக்க வேண்டாமா? தேடித் தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்கத் தெரிஞ்சது, அதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல இன்னொண்ணு இருந்திருக்கு. ஃபோர்டு மாடல் டி. அது 1908 அக்டோபர் 1-ஆம் தேதி வந்தது. டூ சிவி 1948 அக்டோபர் 7-ஆம் தேதி. நடுவுல சரியா 40 வருஷமும் ஆறு நாளும்.

முதல்ல மூத்ததைச் சொல்லிடறேன்.

ஹென்றி ஃபோர்டு 1863-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். அப்பா அயர்லாந்தில் இருந்து வந்து குடியேறிய விவசாயி. ஆனா மகனுக்குப் பண்ணை வேலை பிடிக்கவே இல்லை. விளைச்சலைவிட வேலை ரொம்ப அதிகம்னு சின்ன வயசுலயே தோணிடுச்சு. 12, 13 வயசுல ரோட்டுல தானா நகர்ந்து வந்த ஒரு நீராவி எஞ்சினைப் பார்த்து மயங்கினவர், 16 வயசுல டெட்ராய்ட்டுக்கு வேலைக்குப் போயிட்டார். நடுவுல ஊருக்குத் திரும்பி, பக்கத்துப் பண்ணைகளுக்கு நீராவி எஞ்சின் ஓட்டிக் கொடுத்திருக்கார். நம்ம ஊர்ல கதிரடிக்கற மெஷினை வாடகைக்கு ஓட்டற பையன் மாதிரின்னு வச்சுக்கங்க. அப்பா நிலம் கொடுத்து ஊரோட நிறுத்தப் பார்த்தார். நிக்கல. நிலத்தை விட்டு ஓடின ஆளுதான் நிலத்துல இருக்கறவனுக்குக் கார் செஞ்சார். எனக்கு இதுல ஆச்சரியம் இல்லை. அந்தக் கஷ்டம் தெரிஞ்சுதானே ஓடினார்.

அந்தக் காலத்துல அமெரிக்க விவசாயிக்குக் காரைக் கண்டாலே ஆகாது. பணக்காரங்க டவுன்ல இருந்து ஓட்டிட்டு வருவாங்க, குதிரை மிரளும், கோழி அடிபடும், புழுதி வீட்டுக்குள்ள வரும். சில ஊர்ல ரோட்டுக்குக் குறுக்கே பள்ளம் தோண்டி, கம்பி கட்டிக் காரை மறிச்சிருக்காங்க. அப்படிப்பட்டவங்களைத்தான் மாடல் டி பத்து வருஷத்துல மாத்திடுச்சு. 1920-ல் எடுத்த கணக்குப்படி அமெரிக்காவுல பத்துப் பண்ணைக்கு மூணுல கார் இருந்தது. டிராக்டர் வச்சிருந்தது நூத்துக்கு நாலு பண்ணைகூட இல்லை. டிராக்டருக்கு முன்னாடி காரு! நம்ம ஊர் வரிசையே வேற.

ஏன் பிடிச்சதுன்னு பார்த்தா, முதல் காரணம் அது தரையில இருந்து எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கறது. அமெரிக்கக் கிராமத்து ரோடு அப்ப மண்ணு ரோடுதான், மழை பெஞ்சா சேறு. உயரமான சக்கரம், லேசான உடம்பு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு குறுக்கே போட்ட பட்டை ஸ்பிரிங். பள்ளத்துல ஒரு சக்கரம் இறங்கினா வண்டியே கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும், உடையாது. வெனேடியம் கலந்த எஃகுங்கறதால எடை குறைவு, பலம் அதிகம். எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு சின்ன விஷயம். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற அகலம் சாதாரணமா 56 அங்குலம். ஆனா தென் மாநிலங்கள்ல வண்டித்தடம் அகலம் கூடுதல். அதனால அந்தப் பக்கம் விக்கறதுக்கு 60 அங்குல அகலத்துலயும் கொஞ்ச வருஷம் செஞ்சு கொடுத்தாங்க. ஊர்த் தடத்துல சக்கரம் பதிஞ்சு போகணும்னு. கட்டை வண்டி ஓட்டினவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். ஒரு சக்கரம் தடத்துல, ஒரு சக்கரம் மேட்டுலன்னா மாடும் செத்துச்சு, ஓட்டறவன் இடுப்பும் செத்துச்சு.

ஓட்டறது நம்ம கார் மாதிரி இல்லை. காலுக்கு மூணு பெடல். இடது பெடலை முழுசா அழுத்தினா மெதுவான கியர், விட்டா வேக கியர். நடுப் பெடல் பின்னாடி போறதுக்கு. வலது பெடல் பிரேக். ஆக்சிலேட்டர் கால்ல கிடையாது, ஸ்டியரிங் பக்கத்துல கையால தள்ளற கம்பி. பெட்ரோல் டேங்குல இருந்து எஞ்சினுக்கு எண்ணெய் தானா வழிஞ்சுதான் வரணும், பம்பு கிடையாது. டேங்குல எண்ணெய் குறைஞ்சிருக்கறப்ப செங்குத்தான மேடு வந்தா எஞ்சினுக்கு எண்ணெய் ஏறாது. அதனால காரைத் திருப்பிப் போட்டு ரிவர்ஸ்லயே மேடு ஏறுவாங்களாம்! ஸ்டார்ட் பண்ண முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தணும். சரியாச் செய்யலன்னா ஹேண்டில் திருப்பி அடிச்சுக் கை முறியும். எங்க கிணத்து மேட்டு ஆயில் எஞ்சின் ஒருதடவை எங்க சித்தப்பாவை அப்படித்தான் அடிச்சது, மணிக்கட்டுல கட்டுப் போட்டு ஒரு மாசம் உட்கார்ந்திருந்தார். அதனால அதைப் படிக்கறப்பவே எனக்குக் கை கூசுச்சு.

ஆயில் எஞ்சின்னு சொன்னதும் முக்கியமான விஷயத்துக்கு வந்துட்டேன். அந்த விவசாயிங்க மாடல் டி-யைக் காரா மட்டும் பார்க்கல. பின் சக்கரம் ஒண்ணை ஜாக்கி போட்டுத் தூக்கி, அதுல பெல்ட் மாட்டி, மரம் அறுத்தாங்க, சோளம் உதிர்த்தாங்க, தீவனம் அரைச்சாங்க, தண்ணி இறைச்சாங்க, துணி துவைக்கற மெஷினைக்கூட ஓட்டியிருக்காங்க. கம்பெனி இப்படிச் செய்யச் சொல்லிக் கொடுக்கல. இவங்களா கண்டுபிடிச்சாங்க. அப்புறம் அதுக்குன்னே தனியாக் கம்பெனிங்க கிளம்பி, கார்ல மாட்டறதுக்குச் சாமான் செஞ்சு வித்தாங்க. பின்னாடி பெரிய இரும்புச் சக்கரம் மாட்டினா கார் டிராக்டர் ஆயிடும்னு ஒரு சாமான். உழுதுட்டு, சக்கரத்தைக் கழட்டிட்டு, ஞாயித்துக்கிழமை அதே வண்டியில குடும்பத்தோட சர்ச்சுக்குப் போகலாம். அவ்வளவு நல்லா உழுததான்னா, எஞ்சின் சூடாகித் தடுமாறும்னுதான் படிச்சேன். சரி, நாமளும் மொபெட்டுல புல்லுக்கட்டு நாலு பேர் எடைக்கு ஏத்தத்தானே செய்யறோம்.

விலை இறங்கின கதையைக் கேளுங்க. 1908-ல் 850 டாலர். 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில நகர்ற வரிசை வந்தது. ஆள் நின்ன இடத்துலயே நிப்பான், கார் அவன்கிட்ட வரும். சட்டத்தைப் பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல ஆனது, ஒன்றரை மணி நேரமாச் சுருங்குச்சு. அடுத்த வருஷமே தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் கூலின்னு அறிவிச்சார். விலை இறங்கி இறங்கி 1925-ல் சின்ன ரகக் கார் 260 டாலருக்கு வந்துடுச்சு. 1914-ல இருந்து 1925 வரைக்கும் கருப்பு ஒரே நிறம். 1927 மே மாசம் நிறுத்தறப்ப ஒன்றரைக் கோடி வண்டி செஞ்சிருந்தாங்க. என் வயசுல, போன வருஷத்தைவிட இந்த வருஷம் விலை குறைஞ்ச விவசாயச் சாமான்னு ஒண்ணை நான் பார்த்ததில்லை. விலை குறைஞ்சது எல்லாம் நான் விக்கற சாமான்தான்.

இன்னொண்ணு. ஃபோர்டுக்குக் கடன்ல விக்கறது பிடிக்காது. மத்த கம்பெனிங்க தவணைக்கு விக்க ஆரம்பிச்ச பிறகும், இவர் 1923-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தார். வாரம் 5 டாலர் கட்டிக்கிட்டே வரணும், முழுப் பணமும் சேர்ந்த பிறகு காரை எடுத்துக்கலாம். நம்ம நகைக்கடைச் சீட்டேதான். அது எடுபடல. ஜனங்களுக்குக் கார் இன்னைக்கே வேணும், பணம் அப்புறம் கட்டறோம்னுட்டாங்க. ஃபோர்டை எனக்குப் பல விஷயத்துல பிடிக்காது, யூதர்களைப் பத்தி அவர் பத்திரிகையில வந்த விஷமத்தைப் படிச்சா வயிறு எரியும். ஆனா இந்த ஒரு விஷயத்துல அவர் சொன்னது சரின்னுதான் எனக்குப் படுது.

இனி இளையது.

சிட்ரோயன் கம்பெனி 1934 கடைசியில் திவாலாகி, டயர் செய்யற மிஷெலின் கையில போச்சு. அங்க இருந்து வந்து பொறுப்பை எடுத்தவர் பியர் பூலான்ஜே. இவர் விவசாயி இல்லை. ஆனா மிஷெலின் இருந்தது நடு பிரான்ஸ்ல, ஒவெர்ன் பக்கம், சுத்தி முழுக்கச் சம்சாரிங்க. அவங்க 1930-களில்கூடக் குதிரை வண்டியிலயும் தள்ளு வண்டியிலயும் சந்தைக்குப் போயிட்டு இருந்தாங்க. கம்பெனி ஆளுங்களை அனுப்பி, உங்களுக்கு என்ன வேணும்னு ஜனங்களைக் கேட்டிருக்காங்க. கேட்டுட்டுத்தான் பூலான்ஜே தன் எஞ்சினியருங்களுக்கு உத்தரவு போட்டார். கட்டைச் செருப்பு போட்ட ரெண்டு விவசாயி, 50 கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல். உழுத வயல்ல போனா முட்டைக்கூடை உடையக் கூடாது. புதுசா ஓட்டக் கத்துக்கிட்டவங்களும் ஓட்டணும். அழகைப் பத்திக் கவலை இல்லை. சுருக்கமா, நாலு சக்கரம் வச்ச ஒரு குடை வேணும்னு கேட்டதாச் சொல்வாங்க.

ஆந்த்ரே லெஃபெவ்ர் தலைமையில வேலை நடந்தது. 1939-ல் 250 கார் தயார் பண்ணிட்டாங்க. அக்டோபர்ல பாரிஸ் கண்காட்சியில காட்டறதா இருந்தது. செப்டம்பர் 3-ஆம் தேதி போர் அறிவிப்பு. கண்காட்சி ரத்து. அடுத்த வருஷம் ஜெர்மன்காரங்க உள்ள வந்துட்டாங்க. அவங்க கையில இந்த யோசனை சிக்கக் கூடாதுன்னு செஞ்ச வண்டிகளை உடைச்சுப் போட்டாங்க, சிலதை ஒளிச்சு வச்சாங்க. ஒளிச்சதுல மூணு வண்டியை 1990-களில்தான் ஒரு கொட்டகைப் பரண்ல இருந்து எடுத்தாங்க. ஜெர்மன் ராணுவத்துக்குச் செஞ்ச லாரிங்கள்ல ஆயில் அளவு பார்க்கற குச்சியோட கோட்டை பூலான்ஜே தள்ளிப் போட வச்சார்னு ஒரு கதை உண்டு. ஆயில் குறைவா இருந்தாலும் சரியா இருக்கற மாதிரி காட்டும், கொஞ்ச நாள்ல எஞ்சின் பிடிச்சுக்கும். நிஜமோ கதையோ, சம்சாரிக்குத் தோணற மாதிரியான வேலை.

போர் முடிஞ்சு 1948-ல் பாரிஸ்ல திரையை விலக்கினப்ப வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. பத்திரிகைக்காரங்க தகர டப்பான்னு கேலி பண்ணினாங்க. எஞ்சின் 375 சிசி, ரெண்டு சிலிண்டர், 9 குதிரைசக்தி. காத்துலயே குளிர்றது, ரேடியேட்டர் இல்லை, தண்ணி ஊத்த வேண்டாம், குளிர் நாட்டுல உறைஞ்சு வெடிக்கவும் வெடிக்காது. ஒரே சாம்பல் நிறம். பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு காட்ட முள்ளு கிடையாது, டேங்குல குச்சி விட்டுப் பார்க்கணும். வைப்பர் ஸ்பீடோமீட்டர் கேபிள்லயே ஓடும். வண்டி மெதுவாப் போனா வைப்பரும் மெதுவாப் போகும், நின்னா கையால சுத்திக்கலாம். சீட்டு ரப்பர் பட்டை மேல துணி போட்டது, நம்ம நாடாக் கட்டில் மாதிரி. கழட்டி வெளியில போட்டு உட்காரலாம். கழட்டின இடத்துல கன்னுக்குட்டியை ஏத்தலாம். கூரை சுருட்டற தார்ப்பாய், உயரமான சாமான்னா சுருட்டிட்டு நிக்க வச்சுக்கலாம்.

முட்டை விஷயத்துக்கு வர்றேன். என் மகன் தரையில குச்சியால வரைஞ்சு காட்டித்தான் எனக்குப் புரிஞ்சது. சாதாரண வண்டியில ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங். டூ சிவி-யில ஒரே பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் வண்டிக்கு அடியில நீளவாக்குல போட்ட ஒரு குழாய்க்குள்ள இருக்கற ஸ்பிரிங்கால தொடுப்பா இருக்கும். முன் சக்கரம் வரப்பு மேல ஏறினா அந்த அதிர்ச்சியை முன்பக்கம் மட்டும் வாங்காம, குழாய் நகர்ந்து பின் பக்கத்துக்கும் பங்கு போட்டுடும். அதனால மூக்கு தூக்கி வால் குத்தறது குறையும், உடம்பு ஏறக்குறையச் சமமாவே போகும். காவடித் தண்டுல ரெண்டு பக்கமும் குடம் தொங்கவிட்டுத் தண்ணி தூக்கினவங்களுக்கு இந்தக் கணக்கு தோள்லயே தெரியும். திருப்பத்துல மட்டும் வண்டி படகு மாதிரிச் சாயும். பார்க்கறவங்களுக்குத்தான் பயம், உள்ள இருக்கறவங்களுக்கு இல்லைன்னு ஓட்டினவங்க எழுதியிருக்காங்க.

சிரிச்சவங்க வீட்டுக்குப் போன பிறகு, வேணுங்கறவங்க வரிசையில நின்னாங்க. இரும்புத் தட்டுப்பாடு, செய்யறது கொஞ்சம். காத்திருக்கணும் மூணு வருஷம், அப்புறம் அஞ்சு வருஷம். புதுக் காரைவிடப் பழைய கார் விலை ஜாஸ்தி, ஏன்னா அது உடனே கிடைக்கும். அந்த வரிசையில யாருக்கு முதல்ல கொடுக்கறதுன்னு கம்பெனி பார்த்துப் பார்த்துக் கொடுத்தது. கிராமத்து டாக்டர், மாட்டு டாக்டர், மருத்துவச்சி, பாதிரியார், சின்ன விவசாயி. காசை மட்டும் பார்க்காம, ராத்திரி யாரு வீட்டுக் கதவைத் தட்டுவாங்களோ அவங்களுக்கு முதல்ல. இது எனக்கு அந்த ஸ்பிரிங்கைவிடப் பெரிசாத் தெரியுது. பூலான்ஜே மட்டும் தன் வண்டி ஊரெல்லாம் ஓடறதைப் பார்க்கக் கொடுத்து வைக்கல. 1950 நவம்பர்ல வேற ஒரு சிட்ரோயன் காரை ஓட்டிப் போறப்ப விபத்துல செத்துட்டார்.

ரெண்டையும் பக்கத்துல நிறுத்திப் பார்த்தா வேடிக்கையா இருக்கு. ரெண்டும் சுமார் 500 கிலோ எடைதான். ரெண்டும் மணிக்கு 65 கிலோமீட்டர் பக்கம்தான் போகும். ஆனா அதுக்கு அமெரிக்கக் கார் 2,900 சிசி எஞ்சின் வச்சு 20 குதிரைசக்தி எடுத்தது, பிரெஞ்சுக்கார் 375 சிசி-யில முடிச்சுட்டான். ஒருத்தன் ஊர்ல எண்ணெய் பூமியில இருந்து பீறிட்டுக் கிளம்புது, இன்னொருத்தன் ஊர்ல ரேஷன். மாடல் டி லிட்டருக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் கொடுத்தா, டூ சிவி 20-க்கு மேல கொடுத்தது. ஆனா டூ சிவி சக்கரத்துல பெல்ட் போட்டு மரம் அறுக்க முடியாது. அந்த மூச்சு அதுக்கு இல்லை. முன்னது பண்ணைக்கு வேலையாள், பின்னது சந்தைக்குப் போற மருமகள். எனக்கு ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கன்னு சொன்னா, 30 வயசுல மாடல் டி-யை எடுத்திருப்பேன். இப்ப முட்டைக்கூடை பக்கம்தான் சாய்வேன்.

ரெண்டுலயும் பொதுவா இருக்கறது, ரிப்பேரைச் சொந்தக்காரனே பார்த்துக்கலாம்ங்கறது. மாடல் டி சாமான் கிராமத்து இரும்புக் கடையில கிடைச்சது. டூ சிவி-யில ஸ்டார்ட் பண்ற ஹேண்டில்தான் சக்கரத்து நட்டைக் கழட்டற ஸ்பேனரும். எங்க பக்கத்துக் காட்டுக்காரர் புதுசா வாங்கின டிராக்டர் போன தை மாசம் நட்ட நடு வயல்ல நின்னுடுச்சு. ஏதோ சென்சார். லேப்டாப் எடுத்துட்டு ஆள் வர மூணு நாள் ஆச்சு. அதுக்குள்ள ஈரம் காஞ்சு போச்சு. என் மகன் மெக்கானிக்தான், பக்கத்துல நின்னு பார்த்துட்டுக் கையைப் பிசைஞ்சுட்டு வந்தான்.

ஆனா நான் ராத்திரி தூங்காம யோசிச்சது வேற. 1920-21-ல் அமெரிக்காவுல விளைபொருள் விலை தடாலடியாச் சரிஞ்சது. அதுக்கு முன்னாடி குதிரை வச்சிருந்தப்ப, குதிரைக்கு வேண்டிய ஓட்ஸும் புல்லும் அவங்க நிலத்துலயே விளைஞ்சது. மழை பெஞ்சா எரிபொருள் வந்துடும். சாணி திரும்ப நிலத்துக்கு. கார் வந்த பிறகு எரிபொருள் காசு கொடுத்து வாங்கணும். விளைச்சலுக்கு விலை இல்லாத வருஷத்துலயும் பெட்ரோல் பங்குல காசுதான் கேப்பான். டவுன்லயும் குதிரை குறைஞ்சு போனதால ஓட்ஸ் வாங்க ஆளும் குறைஞ்சாங்க. காரை வாங்கின கையாலயே தன் சரக்குக்கு இருந்த சந்தையையும் மூடின மாதிரி.

1930-களில் பஞ்சமும் புழுதிப்புயலும் விலைச்சரிவும் சேர்ந்து வந்தப்ப என்ன ஆச்சு தெரியுங்களா? பெட்ரோலுக்குக் காசில்லை. கனடாவுல கோதுமைக்காட்டு விவசாயிங்க காருல இருந்து எஞ்சினைக் கழட்டி வச்சுட்டு, முன்னாடி குதிரையைப் பூட்டி ஓட்டினாங்க. அப்ப பிரதமரா இருந்தவர் பென்னெட். அவர் பேரை வச்சு அந்த வண்டிக்கு 'பென்னெட் பக்கி'ன்னு பேரு. அமெரிக்காவுல தென் மாநிலங்கள்ல பழைய காரோட பின் அச்சையும் டயரையும் எடுத்து வண்டி செஞ்சு கோவேறு கழுதையைப் பூட்டினாங்க. அங்க ஜனாதிபதி ஹூவர். அதனால 'ஹூவர் வண்டி'. அரசாங்கத்தைத் திட்டறதுக்கு ஊர்வலமே வேண்டாம், வண்டியில ஏறிச் சந்தைக்குப் போனாப் போதும்.

அந்தப் போட்டோவை முதல் தடவை பார்த்தப்ப எனக்கு என்னமோ பண்ணுச்சு. அது எங்க டயர் வண்டி. அப்படியே எங்க டயர் வண்டி. பழைய அச்சு, பழைய டயர், மேலே பலகை. எங்கப்பா வாங்கினது, இன்னமும் வேப்பமரத்தடியில நுகத்தடி சாய்ஞ்சு கிடக்கு. மாடுகளை நான் 2011-ல் வித்துட்டேன். ஆள் கிடைக்கல, மேய்ச்சலுக்கு இடம் இல்லை, டிராக்டர் வாடகைக்கு வந்துடுது. அன்னைக்கு அது சரியான கணக்குதான். பத்து வருஷத்துல டீசல் விலையோட சேர்ந்து உழவு வாடகை ஏறின ஏத்தத்தைப் பார்த்தா, கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கணும்னு தோணுது. போட்டுப் பார்த்தாலும் மாடு வரப்போறதில்லை.

இதுல ஒரு வேடிக்கை, டூ சிவி-ங்கறதுக்குப் பிரெஞ்சுல 'ரெண்டு குதிரை'ன்னு அர்த்தம். அங்க வரி போடறதுக்கு ஒரு குதிரைக் கணக்கு வச்சிருந்தாங்க, அதுல வந்த பேரு. அமெரிக்காவுல காருக்கு முன்னாடி நிஜக் குதிரையைப் பூட்டின அதே பத்து வருஷத்துல, பிரான்ஸ்ல குதிரை வண்டிக்காரனைக் காருல ஏத்த 'ரெண்டு குதிரை'யை வரைஞ்சுட்டு இருந்திருக்காங்க.

டூ சிவி-யோட முடிவு அவ்வளவு சோகம் இல்லை. 1990 ஜூலை வரைக்கும் ஓடுச்சு, கடைசி வண்டி போர்ச்சுகல்ல செஞ்சது. வேன் ரகத்தையும் சேர்த்து 50 லட்சத்துக்கு மேல. ஆனா யாருக்குச் செஞ்சாங்களோ அவங்க அதுக்குள்ளயே குறைஞ்சுட்டாங்க. போருக்கு அப்புறம் பிரான்ஸ்ல நிலமெல்லாம் பெரிய துண்டாச் சேர்ந்து, சின்னச் சம்சாரிங்க பிள்ளைங்க பாரிசுக்கு வேலைக்குப் போயிட்டாங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போனதும் அதே வண்டிதான்னு சொல்லலாம். கடைசிக் காலத்துல அதை வாங்கினது டவுன்ல படிக்கற பசங்களும் வாத்தியாருங்களும். இப்ப அது பழம்பொருள் ரசிகருங்க கையில, நல்ல விலைக்கு.

ரெண்டு கம்பெனியும் நம்ம பக்கம் வந்ததை மெட்ராஸ்ல இருக்கறவங்க கவனிச்சிருப்பீங்க. ஃபோர்டு மறைமலைநகர்ல 1990-களின் கடைசியில் இருந்து கார் செஞ்சு, 2022-ல் நிறுத்திடுச்சு. அதே வருஷம் திருவள்ளூர்ல செஞ்ச சிட்ரோயன் சி3 கடைக்கு வந்தது. நல்ல கார்தான்னு மகன் சொல்றான். முட்டைக்கூடையைப் பத்தி யாராவது கேட்டாங்களான்னு தெரியலைன்னும் சொல்றான்.

அவனுக்கு ஒரு யோசனை இருக்கு. தவணைக்கு ஒரு லோடு ஆட்டோ எடுத்தா நம்ம சரக்கு, பக்கத்துக் காட்டுச் சரக்கு எல்லாம் ஏத்தலாம், வாடகையில தவணை கட்டிடலாம்ங்கறான். தப்பில்லை. எனக்குத்தான் ஃபோர்டோட அஞ்சு டாலர் சீட்டு ஞாபகம் வருது. ஒரு வருஷம் மாசாமாசம் எடுத்து வைப்போம், சேர்ந்தா பழைய வண்டியாப் பார்ப்போம்னு சொன்னேன். "அதுக்குள்ள வண்டி விலை ஏறிடும்ப்பா"ன்னான். அவன் சொல்றதும் நிஜம்தான். இன்னும் பேசி முடிக்கல.

போன வாரச் சந்தைக்கு என் சம்சாரம் கூடைக்கு அடியில வைக்கோல் போட்டு, முட்டையை உமியில பதிச்சுக் கொடுத்துச்சு. அதே மொபெட்டு, அதே தடம். ரெண்டு முட்டை உடைஞ்சது.